திடீரென உறையும் கணினி: பழுது எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒரேயடியாகச் செத்துப்போன கணினியைத் திருத்துவது இலகு. ஆளியைப் போட்டால் ஒளி வரவில்லை, விசிறி சுழலவில்லை என்றால் மின் வரும் வழியைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். இரண்டு நாள் ஒழுங்காக ஓடி, மூன்றாம் நாள் லுஹர் பாங்கு சொல்லும் நேரத்தில் அப்படியே மரம்போல் நின்றுவிடும் கணினிதான் ஆளைச் சோதிக்கும். கடைக்குக் கொண்டுபோனால் அங்கே நாள் முழுக்க நன்றாக ஓடும். "இதில ஒண்டும் பிழையில்லையே" என்று திருப்பித் தருவார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு மணித்தியாலத்தில் மறுபடியும் நிற்கும்.

இதை நமது மலரில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டுக் கணினிக்குள் பாடக்குறிப்பு மட்டுமா இருக்கிறது? கலியாண வீட்டுப் படங்கள், மூத்தம்மாவின் கடவுச்சீட்டுப் பிரதி, வெளிநாட்டிலிருக்கும் நானாவுக்கு உம்மா அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் அதற்குள்ளேதான். கடைக்குக் கொடுக்கும்போது அத்தனையும் சேர்ந்தே போகிறது. திருத்துபவர்களில் பெரும்பாலானோர் நேர்மையானவர்களே. ஆனாலும் பெண்பிள்ளைகளின் மடிக்கணினிகள் எத்தனை வீடுகளில் இந்தத் தயக்கத்தினாலேயே அலுமாரிக்குள் கிடக்கின்றன என்று நம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பழுதை நாமே கண்டுபிடிக்கத் தெரிந்தால், எதைக் கடைக்குக் கொடுப்பது, எதை வீட்டில் வைத்துக்கொள்வது என்ற முடிவும் நம் கையில் இருக்கும்.

எங்கள் வீட்டுக் கணினியை உதாரணமாக எடுக்கிறேன். ராத்தா ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. அவருடைய ஆய்வறிக்கை இந்தக் கணினியில்தான் இருந்தது. சமர்ப்பிக்க ஐந்து வாரம் மீதி. கணினி ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை உறைந்தது, சில நாட்களில் ஒரு தடவையும் இல்லை. வைரஸ் என்று சொல்லி ஒரு கடையில் இரண்டு முறை விண்டோஸ் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். இரண்டு முறையும் கூலி கொடுத்தாயிற்று. மூன்றாம் முறை "மதர்போர்ட் போயிட்டு, மாத்தணும்" என்றார்கள். பழைய தலைமுறைத் தாய்ப்பலகை புதிதாகக் கிடைப்பதில்லை. புதியதைப் போட்டால் செயலியும் நினைவகமும் சேர்ந்து மாற வேண்டும். அதாவது மேசையும் திரையும் தவிர எல்லாமே புதிது. வாப்பா ஒன்றும் பேசாமல் கணினியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தார்.

எதற்கும் முதல் வேலை, முக்கியமானவற்றைப் பிரதி எடுப்பது. உறையும் கணினியில் பழுது தேடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ஏனெனில் பழுது நினைவகத்தில் இருந்தால் கணினி எழுதும் கோப்பே பிழையாக எழுதப்படலாம். வன்தட்டில் இருந்தால் நாளைக்குக் கோப்பே இராது. ஒரு பென் டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. பிரதி எடுத்த கோப்பை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் அது பிரதி.

அடுத்தது, உறைவு எந்த வகை என்று பார்ப்பது. எல்லா உறைவும் ஒன்றல்ல. திரை நின்றவுடன் விசைப்பலகையில் கெப்ஸ் லொக் விசையை அழுத்துங்கள். அதன் சிறுவிளக்கு எரிந்து அணைந்தால், உள்ளே இயங்குதளம் இன்னும் உயிரோடிருக்கிறது. ஏதோ ஒரு செயலியோ வன்தட்டோ அதைக் காக்க வைக்கிறது. விளக்கு அசையவே இல்லை என்றால் முழு இயந்திரமும் நின்றுவிட்டது. கிராஅத் கேட்டுக்கொண்டிருக்கும்போது உறைந்து, ஒரே எழுத்து இடைவிடாமல் "ர்ர்ர்" என்று திரும்பத் திரும்ப ஒலித்தால் அதுவும் முழு நிறுத்தத்தின் அடையாளம்தான். ஒலிக்கருவி தன்னிடமிருந்த கடைசித் துண்டையே சுற்றிச் சுற்றி வாசிக்கிறது. புதிய துண்டைக் கொடுக்க யாரும் இல்லை. முழு நிறுத்தம் மீண்டும் மீண்டும் வந்தால், அதுவும் விண்டோஸை மாற்றிய பிறகும் வந்தால், வன்பொருளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எங்கள் கணினியில் விளக்கு அசையவில்லை.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் "கேர்னல் பவர் 41" என்ற வரியைப் பார்த்துவிட்டுப் பவர் சப்ளை பழுது என்று முடிவு கட்டுபவர்கள் பலர். அந்த வரி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கடந்த முறை கணினி முறையாக மூடப்படவில்லை. உறைந்த கணினியை நாம் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாலே அது பதிவாகும்.

பதிவேட்டைவிட எங்களுக்கு உதவியது ஒரு அப்பியாசக் கொப்பி. உறையும் ஒவ்வொரு தடவையும் திகதி, நேரம், போட்டு எவ்வளவு நேரம், என்ன செய்துகொண்டிருந்தோம், மின்விளக்கு மங்கியதா, விசிறி சத்தம் போட்டதா என்று எழுதினோம். பத்து நாளில் பதினொரு வரி. எல்லாத் தடவையும் கடும் வெயில் நேரத்தில் என்றால் சூடு. தண்ணீர் மோட்டார் போடும்போது, ஐஸ் பெட்டி ஓடத் தொடங்கும்போது என்றால் மின்சாரம். எங்கள் கொப்பியில் காலை, இரவு, மழை, வெயில் எல்லாம் கலந்து கிடந்தன. ஒன்று மட்டும் பொதுவாக இருந்தது: இணைய உலாவியில் பல பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஆய்வறிக்கையையும் திறந்திருந்த நேரங்கள். அதாவது நினைவகம் நிறைந்திருந்த நேரங்கள்.

ஆனாலும் ஒழுங்காகப் போவோம் என்று சூட்டிலிருந்து தொடங்கினோம். செயலியின் மேலுள்ள உலோகத் தகடுகளுக்கிடையில் தூசி பஞ்சுபோல் அடைத்திருந்தால் காற்றுப் போகாது. செயலிக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பசை வருடக்கணக்கில் காய்ந்து பொருக்காகிவிடும். செயலிகள் சுமார் 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். ஆகவே சூட்டின் இயல்பான அடையாளம் முதலில் மந்தம், பிறகு அணைதல். வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருட்கள் உண்டு. எங்களுடையது 60 பாகையைத் தாண்டவில்லை. தூசியைப் பெயின்ட் தூரிகையால் தட்டிவிட்டு மூடினோம்.

மின்சாரத்தைப் பற்றி நம் நாட்டவர்க்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முழு இலங்கையும் ஒரே நேரத்தில் இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். உலகமே சிரித்தது. சிரிக்க ஒன்றுமில்லை, பெரிய இயந்திரங்கள் சிறிய உயிர்களிடம் தோற்பது புதிதல்ல. 1947 செப்டெம்பர் 9 இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்ற கணினி பிழையாக இயங்கியபோது, அதன் இணைப்பி ஒன்றுக்குள் ஒரு விட்டில் பூச்சி சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவுப் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் வாஷிங்டன் நூதனசாலை ஒன்றில் இருக்கிறது. கணினிப் பிழையைப் "பூச்சி" என்று ஆங்கிலத்தில் அழைப்பது அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. அக்குழுவில் பணியாற்றிய கிரேஸ் ஹொப்பர் என்ற பெண் கணித அறிஞர் இக்கதையைச் சொல்லிச் சொல்லியே உலகறியச் செய்தார். நம் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் வரும் கோபோல் மொழி பிறக்க அடித்தளமிட்டவரும் அவரே.

கதையை விட்டுக் காரியத்துக்கு வருகிறேன். நமக்கு வரவேண்டியது 230 வோல்ட். பவர் சப்ளை அதை 12, 5, 3.3 என்ற சிறு வோல்ட் அளவுகளாகக் குறைத்துக் கொடுக்கிறது. பழைய பவர் சப்ளை பாரம் ஏறும்போது தடுமாறும். கணினி ஒரு கணம் போதிய மின்னின்றித் தவறிக் கணக்குப் போடும். அந்த ஒரு கணம் போதும் உறைவதற்கு. இதை வீட்டில் சோதிக்கச் சிறந்த வழி, தெரிந்தவர் ஒருவரின் நல்ல பவர் சப்ளையை இரவல் வாங்கி இரண்டு நாள் பூட்டிப் பார்ப்பது. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். செருகியைக் கழற்றிய பிறகும் அதனுள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

தாய்ப்பலகையில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பழுதும் உண்டு. சிறு தகரப் பேணிகள்போல் நிற்பவை மின்கொள்ளளவிகள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். சோடாப் போத்தல் மூடிபோல் வீங்கியிருந்தாலோ, உச்சியில் கபில நிறத்தில் ஏதும் கசிந்திருந்தாலோ அது முடிந்துவிட்டது. 1999 தொடக்கம் 2007 வரையிலான காலத்தில் உலகெங்கும் இப்படி இலட்சக்கணக்கான கணினிகள் பழுதாயின. கொள்ளளவிகளுக்குள் ஊற்றிய திரவத்தின் சேர்மானம் சரியில்லாததால் உள்ளே வாயு உண்டாகி அவை வீங்கின. டெல் நிறுவனம் தன் ஒப்டிபிளெக்ஸ் கணினிகளைத் திருத்துவதற்கென்றே 2005 இல் 300 மில்லியன் டொலர் ஒதுக்க நேர்ந்தது. பழைய கணினி வாங்குவோர் பணம் கொடுப்பதற்கு முன் பக்க மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தால் நல்லது. எங்கள் பலகையில் எல்லாத் தலையும் தட்டையாகவே இருந்தன.

மிஞ்சியது நினைவகம், அதாவது ரேம். அதை விளங்கிக்கொள்ள மருதமுனைத் தறியை நினைத்துப் பாருங்கள். பாவு நூல் நீளவாக்கில், ஊடு நூல் குறுக்காக. இரண்டும் வெட்டும் இடமெல்லாம் ஒரு புள்ளி. நினைவகச் சில்லும் நிரை, நிரல் என்று இப்படித்தான் நெய்யப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வெட்டுப்புள்ளியிலும் ஒரு சின்னஞ்சிறு மின்சேமிப்புக் கலம். அதில் மின் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. 4 ஜீ.பி. நினைவகம் ஒன்றில் இப்படி 34 பில்லியனுக்கும் மேற்பட்ட கலங்கள். அவை ஒவ்வொன்றும் ஓட்டைப் பானை. மின் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லி செக்கனுக்கு ஒரு தடவை, அதாவது ஒரு செக்கனுக்குள் பதினைந்து தடவை, எல்லாவற்றையும் வாசித்து மீண்டும் நிரப்புகிறார்கள். சூடு கூடினால் ஒழுக்கும் கூடும்.

சேலையில் ஓரிடத்தில் நூல் அறுந்திருந்தால், அந்த இடம் மடிப்புக்குள் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. நினைவகமும் அப்படியே. பழுதான கலத்தின் மேல் ஒன்றும் எழுதப்படாதவரை கணினி நன்றாகவே ஓடும். அந்த இடத்தில் ஒரு படத்தின் துண்டு வந்து விழுந்தால், ஒரு புள்ளியின் நிறம் மாறும், கவனிக்கவே மாட்டோம். ஆய்வறிக்கையின் ஒரு எண் வந்து விழுந்தால் அது வேறு எண்ணாகலாம். இயங்குதளத்தின் கட்டளை ஒன்று வந்து விழுந்தால் கணினி போகாத இடத்துக்குப் போய் உறைந்துவிடும். உறைவு நேரம் காலமில்லாமல் வருவதன் இரகசியம் இதுதான்.

எண் மாறும் என்று சொன்னது மிகையல்ல. 2003 மே 18 இல் பெல்ஜியத்தின் ஸ்காபேக் நகரில் மின்னியல் வாக்களிப்பில் ஒரு வேட்பாளருக்குக் கிடைக்கவே முடியாத அளவு வாக்குகள் காட்டப்பட்டன. மீண்டும் எண்ணியபோது கூடுதலாக இருந்தவை சரியாக 4096. கணிதம் படிக்கும் தோழியருக்கு உடனே விளங்கும்: 2 இன் 12 ஆம் அடுக்கு. நினைவகத்தில் ஒரே ஒரு பிற்று 0 இலிருந்து 1 ஆக மாறியிருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்த்துகள் ஒன்று பட்டிருக்கலாம் என்பது அறிஞர் சொன்ன விளக்கம். நம் வீட்டுக் கணினிக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. டொரொண்டோ பல்கலைக்கழகமும் கூகிளும் ஆயிரக்கணக்கான கணினிகளைக் கவனித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்துக்குள் நினைவகத் துண்டுகளில் 8 வீதத்துக்கு மேற்பட்டவற்றில் பிழை காணப்பட்டது. அதில் பெரும்பகுதி வானத்திலிருந்து வந்ததல்ல, வன்பொருளின் நிரந்தரப் பழுதே.

சோதிப்பதற்கு விண்டோஸிலேயே ஒரு நினைவகச் சோதனைக் கருவி இருக்கிறது. அதைவிட மெம்டெஸ்ட்86 நுணுக்கமானது. பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் எழும்ப முன்பே ஓட விட வேண்டும். அது எல்லாக் கலங்களிலும் ஒன்றை எழுதி, திரும்ப வாசித்து, எழுதியதும் வாசித்ததும் ஒன்றா என்று பார்க்கும். ஒரு சுற்று முடியவே ஒன்றிரண்டு மணித்தியாலம் எடுக்கலாம். ஒரு சுற்றோடு நிறுத்தாமல் இரவு முழுக்க ஓட விடுவதே முறை. இஷாவுக்குப் பிறகு போட்டுவிட்டு ஸுபஹுக்கு எழும்பிப் பார்த்தால், சிவப்பு வரிகள். ஒரு வரி வந்தாலும் பிழை பிழைதான், எங்களுக்கு நாற்பத்தேழு.

இந்த இடத்தில் பலரும் கடைக்குப் போய்ப் புதிய ரேம் வாங்கிவிடுகிறார்கள். அவசரப்படக் கூடாது. பிழை ரேமிலா, அது செருகியிருக்கும் பொருத்துவாயிலா என்பது இன்னும் தெரியாது. எங்களிடம் இரண்டு ரேம், இரண்டு வாய். ரேம்களுக்குச் சிறு தாள் ஒட்டி அ, ஆ என்றும், வாய்களுக்கு 1, 2 என்றும் பெயர் வைத்தோம். செருகியைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில செக்கன் அழுத்தித் தேங்கிய மின்னைப் போக்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்னையும் இறக்கிவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். நைலோன் துணியும் காய்ந்த கச்சான் காற்றும் சேர்ந்தால் விரல் நுனியில் பொறி பறப்பது நமக்குத் தெரியும். அந்தப் பொறி ஒரு சில்லைக் கொல்லப் போதும்.

நான்கு இரவு, நான்கு சோதனை. அ ரேம் 1 ஆம் வாயில் தனியாக: பிழையில்லை. ஆ ரேம் 1 ஆம் வாயில்: பிழையில்லை. அ ரேம் 2 ஆம் வாயில்: பிழை. ஆ ரேம் 2 ஆம் வாயில்: பிழை. பிழை ரேமைப் பின்தொடர்ந்து போகவில்லை, வாயோடு நின்றது. புதிய ரேம் வாங்கியிருந்தால் காசு போயிருக்கும், உறைவு இருந்திருக்கும்.

2 ஆம் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால், சில பற்களில் பச்சை படர்ந்திருந்தது. செம்பில் பிடிக்கும் களிம்பு. என் சந்தேகம் கடற்காற்றின் மேல்தான். எங்கள் கணினி கடற்பக்க ஜன்னலோரம் பல வருடம் இருந்தது. காற்றோடு வரும் உப்புத்தூள் எல்லாவற்றிலும் படியும். காற்றின் சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். நம் கரையில் இரவுகளில் அது சாதாரணம். வாடைக்காற்றுக் காலத்தில் சொல்லவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் பற்களை அரிக்கும். ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் ஊரில் கணினி மட்டும் தப்புமா? ரேமின் பொன்னிறப் பற்களை வெள்ளை அழிப்பான் கொண்டு மெதுவாகத் துடைத்து, தூள் ஊதிவிட்டு, வாயையும் உலர்ந்த தூரிகையால் துலக்கினோம். பல கணினிகளில் இதுவே தீர்வாகிவிடும். எங்களுக்குப் பிழை நாற்பத்தேழிலிருந்து ஆறாகக் குறைந்தது. ஆறும் பிழைதான்.

வன்தட்டையும் பார்த்தோம், சுருக்கமாகச் சொல்கிறேன். வன்தட்டுப் பழுதில் சுட்டி அசையும், ஆனால் எதுவும் திறக்காது. தட்டின் விளக்கு அணையாமல் எரியும், சிலவேளை "டிக் டிக்" என்று சத்தம் வரும். தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. அதை வாசிக்கும் மென்பொருளில் "மாற்றப்பட்ட பிரிவுகள்", "காத்திருக்கும் பிரிவுகள்" என்ற இரண்டு எண்ணிக்கையும் பூச்சியமாக இருக்க வேண்டும். கூடிக்கொண்டே போனால் புதிய தட்டுக்குக் காசு சேர்க்கத் தொடங்கலாம். எங்களுடையது பூச்சியம்.

ஆக, தாய்ப்பலகைதான் பிழை என்று கடையில் சொன்னது முற்றிலும் தவறல்ல. பலகையில் ஒரு வாய் பழுது. முழுப் பலகையும் அல்ல. 2 ஆம் வாயைக் காலியாக விட்டு, ஒரு ரேமை மட்டும் 1 ஆம் வாயில் செருகினோம். 8 ஜீ.பி. இருந்தது 4 ஆனது. உலாவியில் ஐந்து பக்கத்துக்கு மேல் திறந்தால் திணறும். ராத்தா கைப்பேசியில் வாசித்துக் கணினியில் எழுதிக்கொண்டார். மூன்று வாரம் ஒரு தடவையும் உறையவில்லை. அறிக்கையின் அட்டவணைகளை மட்டும், எண் ஏதும் மாறியிருக்குமோ என்று, மூல வினாக்கொத்துகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். நான் வாசிக்க அவர் பார்த்தார். ஒரு எண்ணும் மாறியிருக்கவில்லை. குறித்த திகதிக்கு இரண்டு நாள் முன்பே அறிக்கை ஒலுவிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டிய பழுது வந்தால் ஒன்றைச் செய்யுங்கள். மேசைக் கணினியில் வன்தட்டைக் கழற்றுவது நான்கு திருகாணி, இரண்டு இணைப்புக் கம்பி. அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் பெட்டியைக் கொடுக்கலாம். ரேம், பவர் சப்ளை, தாய்ப்பலகை ஆகியவற்றைச் சோதிக்க உங்கள் வன்தட்டு தேவையில்லை. திருத்துபவரிடம் அதற்கென ஒரு தட்டு இருக்கும். கூடவே கொப்பியில் எழுதிய குறிப்பையும் ஒரு பிரதி கொடுங்கள். எங்கள் கணினியின் பெட்டிக்குள் 2 ஆம் வாயின் மேல் ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது. அதில் ராத்தாவின் கையெழுத்தில் "இதில் ஒன்றும் செருக வேண்டாம்" என்று எழுதியிருக்கிறது.